இருநூற்று முப்பத்தெட்டு

முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கிறது.
பச்சைக் கட்டங்களில் ஒன்றும் குறையவில்லை.
ஆனாலும் போன வாரம் வரை
முந்நூற்றொன்று காட்டிய திரையில்
இன்று காலை இருநூற்று முப்பத்தெட்டு.

சேலத்தில் இன்சுலின் பெட்டிகள்
ஐஸ் பொதிந்து காத்திருக்கின்றன.
நான் நாலு ரோட்டருகே
வண்டியை ஓரங்கட்டி
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பாஸ்புக்கில் யாரோ கைவைத்ததைப் போல.

கிருஷ்ணகிரி சர்வீஸில் ஷபீர்
எதையோ மென்றபடி போனை எடுத்தார்.
"பேட்டரிக்கு ஒண்ணும் ஆகலீங்க.
அந்த நம்பர் முன்னாடி இருக்கற ரோட்டைப் பாக்காது.
கடைசியா எப்படி ஓட்டினாங்களோ
அதை வெச்சுக் கணக்குப் போடும்.
வண்டிய யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

கொடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை, தம்பி திம்மராஜுக்கு.
"ஓசூர்ல ஒரு வேலைக்கா" என்றான்.
ராத்திரி பதினொன்றுக்குக் கொண்டுவந்து விட்டான்,
கழுவி, துடைத்து, சார்ஜரைச் செருகி.
இரவல் பாத்திரத்தை
வெறுமனே திருப்பித் தரக் கூசுகிறவன்.

ஓசூர் மேட்டு ஊர்.
சூளகிரி தாண்டியும் ரோடு ஏறிக்கொண்டே போகும்,
யார் ஓட்டினாலும் குடிக்கும்.
அதில் தப்பு சொல்ல முடியாது.
ஆனால் திரும்பும்போது இறக்கம்.
காலை எடுத்தால் போதும்,
போகையில் தின்றதில் கொஞ்சத்தைச்
சக்கரமே திருப்பித் தரும்.

அவன் காலை எடுக்கவில்லை.

எந்த வளைவில் அப்படி மிதித்தான் என்று
எண்ணுக்குத் தெரியாது.
நாகவேணி வீட்டு கேட்டுக்கு எதிரே
ஏசியை ஓடவிட்டபடி
யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்று
எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருந்தான்,
அதுவும் தெரியாது.
எல்லாம் சேர்ந்து
அறுபத்து மூன்று கிலோமீட்டர்.

பின் சீட்டுக்கடியில் ஒரு பேக்கரி டப்பா கிடந்தது,
ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல்.
தில்பசந்த்.
அவனுக்கு டூட்டி ஃப்ரூட்டி ஆகாது.

தொப்பூர் இறக்கத்தில்
லாரிகள் கியரைக் குறைத்து முனகிப் போக
நான் காலை எடுத்தேன்.
இருநூற்றுப் பதினாலு.
பதினேழு.
இருபத்தொன்று.
இஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில்
எண் ஏறுவதும்
சத்தமில்லாமல்தான்.

திரும்புகையில் சார்ஜ் பாயிண்டில் இரண்டு பேர்.
புது அப்டேட் வந்ததும் இருபது போச்சு என்றார்
பேங்க்காரர் ஒருவர்.
பாலக்கோட்டு வாத்தியார்
வைகாசி வெயிலில் ஏசி போடாமல் வந்து
எட்டு கிலோமீட்டர் மிச்சம் பிடித்த கதையைச்
சட்டை முதுகில் ஒட்டியிருக்கச் சொன்னார்.
உங்களுக்கு எவ்வளவு குறைந்தது என்று
என்னையும் கேட்டார்கள்.
அறுபத்து மூன்று என்றதும்
வாத்தியார் உச்சுக் கொட்டினார்.
"வாரண்டி இருக்கில்ல? விடாதீங்க."

அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.
டப்பாவைக் குப்பையில் போட்டேன்,
அவன் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று.
தினமும் அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன்.
இருநூற்று ஐம்பது, அறுபத்தைந்து, எழுபத்தெட்டு.
நான் மெதுவாகப் போகப் போக
வண்டி அந்த ஞாயிற்றுக்கிழமையை
மறந்துகொண்டு வந்தது.
கொஞ்சம் துரோகம் போலவும் இருந்தது.

ஆனி பிறந்து
மாங்காய் லாரிகள் பைபாஸை அடைத்து நின்ற ஒரு நாள்
திம்மராஜ் கடைக்கு வந்தான்.
மடிப்புக் கலையாத புதுச் சட்டை.
கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சாவியை
எடுக்காமல் பார்த்தான்.
நானே எடுத்துக் கொடுத்தேன்.

உட்கார்ந்து,
இடது சீட்டைக் கையால் ஒருமுறை தட்டி,
திரையை உற்றுப் பார்த்தான்.
இருநூற்றெண்பத்தொன்பது.
அது நான் ஓட்டியதன் கணக்கு,
அவன் ஓட்டப்போவதன் கணக்கல்ல.

"வரும்போது ரெண்டு பேர்னா
தாங்குமாக்கா?"

"வர்றது இறக்கம்தானேடா" என்றேன்.